சைரனை அறுத்தவள்

மேற்கே ஓடுகிறார்கள். குப்பமே மேற்கே ஓடுகிறது. நான் கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறேன். ஒரு கையால் படகைப் பிடித்திருக்கிறேன். மறு கையை ஆட்டிக் கத்துகிறேன்.

"இந்தாண்ட வாங்க. கடலுக்கு வாங்க. பாலத்துக்குப் போவாதீங்க."

ஒருவர்கூடத் திரும்பவில்லை. சைரன் கத்துகிறது. அதன் தொண்டைக்கு முன்னால் என் தொண்டை எம்மாத்திரம்.

ஆடி வெள்ளி. காலை. மாரியம்மன் கோவிலில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் சத்தம், கடையின் இரும்பு ஷட்டரை ஒரே இழுப்பாக இழுத்து மூடியது போல. இரண்டாவது சத்தம் காதுக்கு வரவில்லை, வயிற்றுக்கு வந்தது. வீட்டுத் தகரங்கள் நடுங்கின. மூன்றாவது ஒரு சீறல். குக்கர் சீறுவது மாதிரிதான், ஆனால் நிற்காத சீறல். செம்மங்குப்பம் பக்கம், ரசாயனப் பேட்டையில் ஒரு டேங்க் உடைந்திருந்தது. நான்காவது சத்தம் சைரன்.

வானத்திலிருந்து வந்தது டேங்கை உடைத்தது. ஜனத்தைப் புகைக்குள் கூட்டிக்கொண்டு போனது சைரன். அந்தச் சைரனை ஸ்டெல்லா அறுத்தாள். அவள் அறுத்ததால்தான் ஜனம் செத்தது என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். மேல்பட்டாம்பாக்கத்தில் அவள் அப்பா டீக்கடைப் பக்கம் போக முடியவில்லை. நான் அங்கே இருந்தேன். என் இரண்டு கண்ணால் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் சுகந்தி. ஊர் பனமேட்டுக்குப்பம், கடலூருக்குத் தெற்கே. அண்ணாமலை நகரில் ஒரு லேபில் அட்டெண்டர் வேலை. தினம் பஸ்ஸில் சிதம்பரம் போய் வருவேன். வீட்டுக்காரர் மங்களூரில் விசைப்படகில் இருக்கிறார். மகள் அபிக்கு ஏழு வயது. நான் வேலைக்குப் போனால் அவளை என் அம்மா பார்த்துக்கொள்வாள்.

போர் யாரோடு, எதற்கு என்று நான் எழுதப் போவதில்லை. அதை எழுதப் பெரிய பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். கரையில் இருந்தவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வருஷா வருஷம் வரும் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. அது முடிந்தது. ஆனால் தடை முடியவில்லை. கரையோரமாக மட்டும் படகு இறக்க விட்டார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்த ஆண்களில் பாதிப் பேரைத் துறைமுக வேலைக்குக் கூட்டிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் பெண்களைக் கேட்டார்கள். கடற்படைக்கு ஆள் போதாத இடத்தில் நிற்பதற்குப் பெண்கள் ரிசர்வ்.

குப்பத்தில் சிரித்தார்கள். "பஸ்ஸுலதான் லேடீஸ் சீட்டு இருந்துச்சு, இப்ப கடல்லயுமா?" என்றார் ஒரு மாமா. நீலப் பேண்ட், நீலச் சட்டை, ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட். கையில் வயர்லெஸ். துப்பாக்கி கிடையாது. அதுவே பெரிய பாதுகாப்பு என்று பவானி அண்ணி சொல்வாள்.

பவானி என் அண்ணன் சேகரின் மனைவி. குப்பத்திலேயே முதல் ஆளாகப் பேர் கொடுத்தவள். லேபுக்கு லீவு விட்டிருந்ததால் அவள் பின்னாலேயே நானும் கொடுத்தேன். எங்கள் கரையில் பெண்கள் மீன் விற்கலாம், கருவாடு போடலாம், வலை பின்னலாம். படகில் கால் வைக்கக் கூடாது. முதல் நாள் ரோந்து முடிந்து நாங்கள் இறங்கினோம். படகின் சொந்தக்காரர்கள் சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு காத்திருந்தார்கள். எங்கள் கண்ணுக்கு எதிரிலேயே படகுக்குத் தெளித்தார்கள். கற்பூரம் காட்டினார்கள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணி என் தோளைத் தட்டினாள்.

"தெளிக்கட்டும் வுடு. படவாவது குளிச்சு சுத்தமா இருக்கட்டும்."

தினமும் தெளித்தார்கள். தினமும் ஏறினோம். அண்ணி எஞ்சின் கைப்பிடியைப் பிடித்தால் ஆம்பிளைகளே ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அலை உடையும் இடத்தில் படகைத் திருப்புவதை அவளிடம்தான் நான் கற்றேன்.

பயிற்சி அண்ணாமலை நகரில் நடந்தது. மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டதால் ஒரு விடுதி காலியாகக் கிடந்தது. அங்கேதான் ஸ்டெல்லா எங்களோடு சேர்ந்தாள். மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. இருபத்திரண்டு வயது. அப்பா கரும்பு லாரி ஓட்டுகிறார். கடலைப் பக்கத்தில் பார்த்ததே சுற்றுலாவுக்கு வந்தபோதுதானாம். படகில் ஏறினால் வாந்தி. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வயர்லெஸ் பேசுவாள். "ஒங்க ஊருல கரும்புலதான் அலை அடிக்கும், இங்க தண்ணியில அடிக்கும், அவ்வளவுதான்" என்று அண்ணி கேலி செய்வாள். ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே வாந்தி எடுப்பாள். ஒரு நாளும் வரமாட்டேன் என்று சொன்னதில்லை.

ரோந்து போவது, சந்தேகப் படகைப் பார்த்தால் சொல்வது, பழுதான படகை இழுத்து வருவது, இதையெல்லாம் சொல்லித் தந்தார்கள். அபாயம் வந்தால் ஜனத்தை வெளியேற்றுவதும் எங்கள் வேலை என்றார்கள். எப்படி என்று சொல்லவில்லை. ஸ்டெல்லாதான் சொன்னாள். பேட்டையில் இருக்கும் சில வாயுக்கள் காற்றைவிடக் கனம். தரையோடு தரையாக வரும். பள்ளத்தில் தங்கும்.

"காத்த எதுத்துப் போவக் கூடாதுக்கா. காத்துக்கு முன்னால ஓடவும் கூடாது. குறுக்கால போவணும்."

ஆடியில் எங்களுக்குக் காலையில் மேல்காற்று, மேற்கிலிருந்து கடலைப் பார்த்து அடிப்பது. மேற்கே பேட்டை. கிழக்கே கடல். நடுவில் உப்பனாறு, அதன்மேல் பாலம், பிறகு குப்பம். ஆக, டேங்க் உடைந்தால் ஒரே வழிதான். படகில் ஏறித் தெற்கே போக வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் புரியும் கணக்கு.

ஆனால் எங்கள் ஊரில் ஒரு சைரன் கம்பம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு நட்டது. பாலத்துக்கு இந்தப் பக்கம், ரோட்டோரம். அது கத்தினால் கடலுக்கு முதுகைக் காட்டு, பாலத்தைத் தாண்டு, அந்தப் பக்கம் இருக்கும் மாடிக் கட்டடத்தில் ஏறு. இத்தனை வருஷமாக இதைத்தான் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஒத்திகை, படம், பள்ளிக்கூடத்தில் பாட்டு. எங்கள் ஜனத்துக்கு அது மூளையில் இல்லை, காலில் இருக்கிறது.

என் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். சுனாமியில் என் தம்பியை அவள் கையில் பிடித்திருந்தாள். அலை பிடுங்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அவள் பிள்ளைகளைக் கையால் பிடிப்பதில்லை. சைரன் கேட்டால் முந்தானையைப் பிள்ளையின் மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போடுவாள். மாதாந்திரச் சோதனைக்குக் கத்தினாலும் முடிச்சுதான். அபிக்கு அது விளையாட்டு. தானே கையை நீட்டும்.

போருக்கும் அதே சைரன்தான் என்று சொன்னார்கள். சொன்னவர் வெளியூர் அதிகாரி. பேர் எழுதவில்லை. அவர் இல்லாவிட்டால் இன்னொருவர் அதையே சொல்லியிருப்பார். கூட்டத்தில் அண்ணி எழுந்து நின்றாள்.

"சார், அந்த சத்தம் கேட்டா எங்க ஜனம் பாலத்தப் பாத்துதான் ஓடும். பேட்ட பத்திக்கிச்சுன்னா எங்க சார் போவும்?"

அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள். கரை முழுக்க ஒரே எச்சரிக்கை, ஒரே சத்தம், அதுதான் ஏற்பாடு என்றார். ஸ்டெல்லா இங்கிலீஷில் கேட்டாள். கோவில் மைக்கில் நாங்கள் பேசிச் சொல்கிறோம், இந்தக் குப்பத்துக்கு மட்டும் சைரன் வேண்டாம் என்றாள். குழப்பம் வரும் என்றார். ஒத்திகை நடத்துங்கள், பழகிவிடும் என்றார்.

ஒத்திகை நடத்தினோம். வீடு வீடாகப் போய், நாளைக்குச் சைரன் ஊதும், எல்லாரும் கடற்கரைக்கு வாங்க என்று முதல் நாளே சொன்னோம். சொன்னால்தானே வருவார்கள். வந்தார்கள். பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். பிஸ்கட் கொடுத்தோம். அதிகாரிகள் போட்டோ எடுத்தார்கள். மிகச் சிறப்பு என்று கை குலுக்கினார்கள். என் அம்மா வரவில்லை. வாசலில் நின்று என்னைக் கேட்டாள்.

"சைரன் ஊதறப்ப கடலுக்கு வரச் சொல்ற. ஒனக்குப் புத்தி கித்தி பெசகிப் போச்சா?"

சொல்லி வைத்து ஊதினால் எல்லாரும் கடலுக்கு வருவார்கள். சொல்லாமல் ஊதினால் கால் தன் வழியில் போகும். அது அண்ணிக்குத் தெரியும். எனக்குத் தெரியும். குப்பத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். போட்டோ எடுத்தவர்களுக்குத் தெரியாது.

ஆடி வெள்ளிக்குத் திரும்புகிறேன்.

அண்ணி, ஸ்டெல்லா, நான். மூன்று பேரும் கரையில் இருந்தோம். ரோந்துக்குக் கிளம்பும் நேரம். மூன்று சத்தமும் கேட்டது. மேற்கே மஞ்சளாக ஏதோ எழும்பியது. ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சினாள். முகம் மாறிவிட்டது.

"இது அதான்க்கா. கனமானது."

ஊருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பேட்டைப் புகை எங்களுக்குப் புதிதா. வெள்ளை பார்த்திருக்கிறோம், மஞ்சள் பார்த்திருக்கிறோம். நாற்றம் வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சோறு தின்று பழகிய ஜனம். நாற்றத்துக்கு யாரும் பயப்படவில்லை. பயமெல்லாம் கடல்மேல்தான். சைரன் ஊதியது. கூழ்ப் பானையை அப்படியே விட்டு எழுந்தார்கள். ஓடினார்கள்.

கடற்கரையிலிருந்து பாலத்துக்கு நேராக ஒரே சிமெண்ட் ரோடு. நான் நின்ற இடத்திலிருந்து எல்லாம் தெரியும். அம்மா வீட்டிலிருந்து வெளியே வருகிறாள். குனிகிறாள். முடிச்சுப் போடுகிறாள். அபி கையை நீட்டுகிறது. தண்ணீரை விட்டு ஏறி ரோட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, வாணாம். இங்க வா. பொகைமா அது."

"சைரன் ஊதுதுடி."

"படவுக்கு வா."

"ஒருத்தன கடல்ல குடுத்தது போதும்டி."

கூட்டம் எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்துவிட்டது. அவள் ஓடிவிட்டாள். இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். அபியின் சிவப்புப் பாவாடை கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

நான் பின்னாலேயே ஓடியிருப்பேன். அண்ணி என் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள்.

"நீ போனா படவ யாரு புடிக்கறது? அலையில திரும்பிக்கும். வரவங்க எதுல ஏறுவாங்க? நான் போறேன். நீ எஞ்சின வுடாத."

தண்ணீருக்குத் திரும்பிப் படகைப் பிடித்தேன். வயர்லெஸ்ஸில் குரல். ரிசர்வ் படகுகள் துறைமுக வாய்க்கு வர வேண்டும். பொதுமக்களை ஏற்றக் கூடாது. திரும்பவும் அதே குரல், அதே உத்தரவு. ஸ்டெல்லா பதில் சொன்னாள். இங்கே வாயுக் கசிவு, ஜனம் தப்பான பக்கம் ஓடுகிறது, சைரனை உடனே நிறுத்துங்கள். சைரனை அந்தக் குரல் இருக்கும் இடத்திலிருந்துதான் இயக்குவார்கள். இங்கே நிறுத்த சுவிட்ச் கிடையாது. உத்தரவு இல்லாமல் நிறுத்த முடியாது, காத்திருங்கள் என்றது குரல். ஸ்டெல்லா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு வயர்லெஸ்ஸை என் கையில் திணித்தாள்.

"நீங்க பேசுங்கக்கா. சிக்னல் சரியில்லன்னு சொல்லுங்க."

வலை அறுக்கும் கத்தி படகில் கிடந்தது. எடுத்துக்கொண்டாள். அண்ணியிடமும் ஒன்று இருந்தது. இரண்டு பேரும் ஓடினார்கள். ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு ஓடினார்கள்.

பாலத்தில் முன்னால் போனவர்கள் இருமுகிறார்கள். அது அலை சத்தத்தைத் தாண்டி எனக்குக் கேட்கிறது. முன்னால் போனவர்கள் உட்காருகிறார்கள். பின்னால் போகிறவர்கள் தள்ளுகிறார்கள். கடல் வருகிறது, கடல் வருகிறது என்று யாரோ கூவுகிறார்கள். கடல் வரவில்லை. கடல் என் இடுப்பில் சும்மா ஆடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு அதைப் போலச் சாதுவான ஒன்றை நான் பார்க்கவில்லை. புகை ஆற்றின் மேலே மஞ்சளாகப் படுத்துக்கொண்டு வருகிறது. பாலத்தின் கைப்பிடி மறைகிறது.

கம்பத்தில் ஒரு நீலச் சட்டை ஏறுகிறது.

உயரம் என்றால் ஸ்டெல்லாவுக்கு ஆகுமா ஆகாதா என்று எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. இரும்புப் படியில் ஏறினாள். பாதியில் நின்று தலையைக் கம்பத்தில் சாய்த்தாள். திரும்பவும் ஏறினாள். சைரன் அவள் தலைக்கு நேராகக் கத்துகிறது. காது என்ன ஆகியிருக்கும். ஒயரைப் பிடித்தாள். கத்தியை வைத்து இழுத்தாள், இழுத்தாள்.

நின்றது.

அந்த அமைதியை நான் எப்படிச் சொல்வது. முதலில் ஒரு நாய் குரைப்பு கேட்டது. பிறகு கோவிலில் கூழ் தளதளவென்று கொதிக்கும் சத்தம்கூட வந்ததாக நினைப்பு. அது பிரமையாக இருக்கலாம். பிரமை இல்லாதது இதுதான். ஜனம் நின்றது. ரோடு முழுக்க நின்றது. இவ்வளவு நேரம் பிடரியைப் பிடித்துத் தள்ளியது விட்டுவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்போதுதான் மூக்கு வேலை செய்தது. அப்போதுதான் கண் எரிந்தது. கம்பத்தின் உச்சியிலிருந்து ஒரு குரல். காய்ந்துபோன குரல்.

"கெழக்கால ஓடுங்க. கடலுக்கு ஓடுங்க."

திரும்பினார்கள். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். சைரன் நின்ற பிறகுதான் திரும்பினார்கள். அதற்கு முன்னால் ஒருவரும் திரும்பவில்லை.

அந்த நேரம் வயர்லெஸ் பேசியது. நாங்கள் கதறியபோது காத்திரு என்ற அதே குரல். இப்போது அவசரமாகக் கேட்டது. சைரன் ஏன் நின்றது. யார் நிறுத்தியது.

வயர்லெஸ்ஸைப் படகுப் பலகையில் போட்டேன். என் படகில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மற்றப் படகுகளையும் தள்ளினார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்த மாமா தன் மனைவியை, மருமகளை, பக்கத்து வீட்டுப் பெண்களைத் தூக்கித் தூக்கித் தன் படகில் போட்டார். "ஏறுங்கடி, ஏறுங்க" என்று அழுதார். தீட்டு அன்றைக்கு லீவு போலிருக்கிறது.

அண்ணி வந்தாள். இடுப்பில் அபி. அபியின் மணிக்கட்டில் அம்மாவின் முந்தானைத் துண்டு. அறுத்த துண்டு. அபியின் உதடு நீலமாக இருந்தது. கண் திறந்திருந்தது. அண்ணி பிள்ளையை என் மேல் வைத்தாள். மூச்சு வாங்கியது. இருமலுக்கு நடுவில் பேசினாள்.

"அத்த வுழுந்துட்டுது. மூச்சு இருக்கு. இழுத்தாறேன்."

"போவாத அண்ணி."

"ஹேண்டில வுடாத."

போனாள். நேர் ரோடு. முதுகு தெரிந்தது. ஆரஞ்சு ஜாக்கெட் தெரிந்தது. அந்த ஜாக்கெட் தண்ணீரில் மூழ்காமல் காப்பாற்றும். பாலத்தில் அதற்கு வேலை இல்லை.

ஸ்டெல்லா மேலேயே இருந்திருக்கலாம். புகை கீழே. அவள் மேலே. அவளுக்கு அது எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அவள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தவள். கம்பத்துக்கு அடியில் விழுந்து கிடந்தவர்களைப் பார்த்தாள். இறங்கினாள். ஒருவரை எழுப்பித் தள்ளினாள். இன்னொருவரை இழுத்தாள். கடைசியில் இரண்டு ஆண்கள் அவளையே இழுத்துக்கொண்டு வந்தார்கள். படகில் கிடத்தினார்கள். கையில் கத்தி அப்படியே இருந்தது. விரலைப் பிரித்துத்தான் எடுத்தோம்.

அண்ணிக்காக நின்றேன். புகை மணலுக்கு வந்துவிட்டது. படகில் இருபது பேருக்கு மேல். ஒரு கிழவர் என் காலைப் பிடித்துக்கொண்டார். "எடும்மா. புள்ளைங்க சாவுது. எடும்மா." எடுத்தேன். தெற்கே திருப்பினேன். காற்றுக்குக் குறுக்கே.

பரங்கிப்பேட்டை வரை ஒரே இழுப்பு. ஸ்டெல்லா என் காலடியில் கிடந்தாள். அன்றைக்கு வாந்தியில் ரத்தம் இருந்தது. அபி அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் சட்டையைப் பிடித்திருந்தது. எஞ்சின் சத்தம் மட்டும். யாரும் அழவில்லை. அழுவதற்கு மூச்சு வேண்டும்.

அங்கிருந்து ஆம்புலன்ஸில் சிதம்பரம். ஆஸ்பத்திரி வராந்தாவெல்லாம் எங்கள் ஜனம். ஸ்டெல்லாவுக்கு மூக்கில் குழாய். காது கேட்கவில்லை. நான் கையில் எழுதிக் காட்டுவேன். அவள் வாயால் பேசுவாள். ஒரு பேச்சுக்கு ஒரு இருமல்.

"சைரன் நின்னுச்சாக்கா?"

நின்றது என்று தலையாட்டினேன்.

"திரும்புனாங்களா?"

திரும்பினார்கள் என்று தலையாட்டினேன்.

"பவானி அக்கா எங்க?"

வேறு வார்டில் என்று உள்ளங்கையில் எழுதினேன். நம்பினாளா தெரியாது. சில நாள் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு அவள் அப்பா வருவதற்குள் போய்விட்டாள்.

விசாரணை வைத்தார்கள். எங்கே தெரியுமா. அண்ணாமலை நகரில், நாங்கள் பயிற்சி எடுத்த அதே விடுதியில். சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை போட்டு, மேலே பச்சைத் துணி விரித்து. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டேங்க் எவ்வளவு பாதுகாப்பாக இருந்தது என்று கேட்கவில்லை. அந்தக் குப்பத்துக்கு அந்தச் சைரன் சரியா என்று கேட்கவில்லை. ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். யார் உத்தரவில் அறுத்தாள்.

சைரன் சரியாக இயங்கிக்கொண்டிருந்ததாம். ரிசர்வைச் சேர்ந்த ஒரு பெண் அதைச் சேதப்படுத்தினாளாம். அதனால் ஜனம் குழம்பிப் பாதியில் திரும்பியதாம். பாலத்தில் நெரிசலாம். சாவுக்கு அதுதான் காரணமாம். நான் எழுந்தேன். ஓடிய திசையைச் சொன்னேன். அம்மாவின் முடிச்சைச் சொன்னேன். பிஸ்கட் ஒத்திகையைச் சொன்னேன்.

"நீங்கள் கடலில் நின்றீர்கள். பாலத்தில் நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க எங்க சார் நின்னீங்க?" என்று கேட்டேன்.

உட்காரச் சொன்னார்கள். பவானியைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. படகை விட்டு இறங்கியதால் அவள் அப்போது பணியில் இல்லையாம். சாதாரணப் பொதுமக்களில் ஒருத்தியாம். ரிசர்வ் என்றால் கூப்பிட்டபோது படை, செத்தபோது ஜனம். இதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

ஸ்டெல்லாவின் அப்பா கடைசி வரிசையில் இருந்தார். லாரி ஓட்டுகிறவரின் பெரிய கை. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து மரத்தடியில் என்னை நிறுத்தினார்.

"ஊருல சைரன அறுத்தவளோட அப்பன்ங்கறாங்கம்மா. மூஞ்சிக்கு நேரா சொல்றதில்ல. போனப்பறம் சொல்றாங்க. நீ ஒரு வார்த்த சொல்லு. எம்பொண்ணு செஞ்சது தப்பா?"

"இல்லப்பா."

"சத்தியமா?"

நான் அபியைக் கூப்பிட்டேன். மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. எழுந்து வந்தது. நாலு அடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கி வந்தது. அவர் முன்னால் நிறுத்தினேன்.

"அது அறுக்கலன்னா இது இல்லப்பா."

அவர் அபியின் தலையில் கை வைத்தார். எடுக்கவே இல்லை. பஸ் வந்தது, போனது. நாங்கள் ஏறவில்லை.

எனக்கு அவர்கள் மேல் உள்ள கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். குண்டு போட்டவனைத் திட்ட நாடே இருக்கிறது. என் கோபம் வேறு. எங்களைக் கேட்காமல் எங்கள் உயிருக்கு ஏற்பாடு செய்தவர்கள் மேல். இரண்டு பெண்கள் எழுந்து நின்று சொன்னதைக் குழப்பம் என்று ஒதுக்கியவர்கள் மேல். இன்றைக்கும் பாலத்தோரம் கம்பம் நிற்கிறது. ஒயரை மாற்றிவிட்டார்கள். மாதம் ஒரு முறை சோதிக்கிறார்கள். அபி காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுகிறது.

இனி கணக்கு. அவர்கள் கணக்கு வேறு. இது குப்பத்துக் கணக்கு.

பாலத்தில் எட்டுப் பேர். என் அம்மா அஞ்சலை. அவளைத் தூக்கப் போன என் அண்ணி பவானி. இரண்டு பேரும் ஒரே இடத்தில் கிடந்தார்கள். அம்மாவின் கை அண்ணியின் கழுத்தைச் சுற்றி இருந்தது. கூழ் காய்ச்சிக்கொண்டிருந்த செங்கேணி. அவள் மருமகள் ரேவதி, ஆறு மாதம். வயிற்றில் இருந்ததைச் சேர்த்து எண்ணவில்லை. சேர்த்திருக்க வேண்டும். ஒற்றைக் கால் தேசப்பன். அவரைத் தோளில் தூக்கிப் போன கலியமூர்த்தி. ஐஸ் கடை இருசம்மாள். பள்ளிக்கூடத்து ஆயா தனம்.

முதலில் ஓடிப் பாலத்தைத் தாண்டி மாடிக் கட்டடத்தின் படிக்கட்டு வரை போனவர்கள் மூன்று பேர். வேலாயுதம், அவர் பெண்டாட்டி குப்பு, அவர்கள் மகள் சங்கீதா. நன்றாக ஓடக்கூடியவர்கள். அதனால் செத்தார்கள்.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர். அமிர்தவல்லி. என் காலைப் பிடித்துக்கொண்ட கிழவர், பேர் மண்ணாங்கட்டி.

ஆடு, கோழி, நாய் எண்ணவில்லை. உப்பனாற்றில் மீன் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. கோவில் கூழ் அடிபிடித்துக் கரியாகிக் கிடந்தது. அபிக்கு இனி ஓட வராது, மாடி ஏற வராது. சேகர் அண்ணன் கடலுக்குப் போவதை விட்டுவிட்டான்.

எங்கள் குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு ஒரு படகும் இறங்காது. ஊர்ச் சாவுக்கு மட்டும்தான் அந்த மரியாதை. வெளியூர்ச் சாவுக்குக் கிடையாது. மேல்பட்டாம்பாக்கத்தில் ஸ்டெல்லாவை அடக்கம் செய்த அன்று ஊர்க்கூட்டம் கூட்டி யாரும் முடிவெடுக்கவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு படகும் இறங்கவில்லை.

அரசாங்கத்தின் எந்தக் கணக்கிலும் அவள் இல்லை. பனமேட்டுக்குப்பத்தில் செத்தவர்கள் பதினான்கு பேர். பதின்மூன்று பேர் இங்கே பிறந்தவர்கள், இங்கே வாக்கப்பட்டவர்கள். பதினான்காவது ஸ்டெல்லா.